தடம் பார்க்கும் கினுயோ

எங்கள் ஊர் வேட்டைக் குழுவில் துப்பாக்கிக்குப் பஞ்சமே கிடையாது. ஆளுக்கு ஒன்று, சிலரிடம் இரண்டு. ஆனால் எந்தப் பன்றி எந்த மலையில் படுத்திருக்கிறது என்று கேட்டால் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு ஒரே பக்கம் திரும்புவோம். அந்தப் பக்கத்தில் இசோபே கினுயோ நின்றுகொண்டிருப்பாள், எதையாவது மென்றுகொண்டு. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காய்ந்த சீமைப்பனிச்சைப் பழம், ஒன்றும் இல்லையென்றால் பச்சைக் கஷ்கொட்டை. வாய் சும்மா இருந்தால் கண் வேலை செய்யாது என்பாள்.

எனக்கு அக்கா முறையில்லை, தூரத்துச் சொந்தம்கூட இல்லை. ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அடி விழும் போலிருக்கும், அப்படி ஒரு தோரணை. நான் அஷிடா. உழவு மெஷின், களை வெட்டும் மெஷின் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன். எனக்குக் கோபம் மூக்கு மேலே என்பது தம்பா மலைப்பக்கம் பூராவும் தெரிந்த விஷயம். வேட்டை நாளில் அக்காவை என் குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையைச் சுற்றி வருவது என் பொறுப்பு.

மலையைச் சுற்றித்தான், மலைக்குள் இல்லை. மலையில் இருப்பது பெண் தெய்வம். வேட்டை நாளில் இன்னொரு பெண் உள்ளே கால் வைத்தால் அவளுக்குப் பொறாமை வந்துவிடும், ஒரு குண்டும் குறியில் போகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அக்கா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"அவளுக்கு எம்மேல என்னடா பொறாமை? என் மூஞ்சியைப் பார்த்தா பாவம்னு ஒரு காளான் குடுத்து அனுப்புவா."

சிரிப்பாளே தவிர, மீறியதில்லை. மீற வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை. மலைக்குள் நடப்பதையெல்லாம் வயல் ஓரத்திலேயே நின்று சொல்லிவிடுவாள்.

அவள் வேலை முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிடும். பன்றிகள் வயலுக்கு இறங்கும் இடங்கள், ஏறும் இடங்கள், வரப்பு வாய்க்காலைத் தாண்டும் இடங்கள் எல்லாவற்றிலும் பழைய தடத்தை மூங்கில் வாரியால் வாரி, வாசல் பெருக்கிய மாதிரி சுத்தமாக்கி வைப்பாள். மறுநாள் விடியும்போது அங்கே விழுந்திருப்பது எதுவோ அது ராத்திரி விழுந்தது. உள்ளே போன தடம் இருந்து, மலையைச் சுற்றி எங்கேயும் வெளியே வந்த தடம் இல்லையென்றால் பன்றி உள்ளே தூங்குகிறது. அப்புறம்தான் நாங்கள் ஆளுக்கொரு வழியில் போய் நிற்போம், நாயை அவிழ்த்துவிடுவோம். அவள் வேண்டாம் என்று சொன்னால் ஒருத்தரும் தோட்டாவைத் தொடக்கூடாது. தலைவராக இருந்தாலும் சரி. இது எங்கள் குழுவில் எழுதாத சட்டம்.

சொல்வது எளிது. நான் எத்தனையோ தடவை அவள் பக்கத்திலேயே நின்று அதே மண்ணை முறைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு மண்தான் தெரியும். அவளுக்குப் பன்றி எவ்வளவு பெரிசு, ஆணா பெண்ணா, பசியோடு போனதா, வயிறு நிறைந்து போனதா என்றெல்லாம் தெரியும். தேவதாரு மரத்தில் சேறு தேய்த்திருந்தால் எத்தனை உயரத்தில் தேய்த்திருக்கிறது என்று தன் தொடையோடு வைத்துப் பார்ப்பாள். பன்றி புரண்ட குட்டையில் தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள், பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரி.

ஒருதடவை ஒகினோ ஊரையே கூட்டிவிட்டான். ஒகினோ முடி வெட்டுகிறவன், நாய்கள் அவனுடையவை. அவன் வீட்டுப் பின்னால் மலைச்சரிவில் ஆள் புதைக்கிற அளவுக்குக் குழி. "இப்படித் தோண்டுதுன்னா எருமை மாதிரி இருக்கும்ணே!" என்று குதித்தான். நாங்களும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அக்கா குழிக்குள் எட்டிப் பார்த்தாள், கிழங்கைக் கடித்தாள்.

"ஒகினோ, இது பன்னி இல்ல. உன் மாமனாரு. காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டியிருக்காரு. உனக்குத் தராம தின்னிருக்காரு."

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் நாய்கள் பயந்துபோயின. ஒகினோவின் மாமனார் ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே தலை காட்டவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு அந்த வருஷ இலையுதிர் காலம் கொடுமையாக வந்து சேர்ந்தது. கணவர் யாசோஜி சீமைப்பனிச்சை மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டார். வயல் வேலை மொத்தமும் அக்கா தலையில். நெல் அறுப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு நெல்லுக்குள் இறங்கிப் புரண்டுவிட்டது. பன்றி புரண்ட நெல்லில் ஒரு வாடை ஏறும். அந்த அரிசியைச் சமைத்தால் வீடே நாறும், யாரும் வாங்கமாட்டார்கள். அத்தனையும் கோழிக்குத்தான் போனது. மிச்சம் இருந்தது மலையடிவாரத்தில் ஒரே ஒரு கறுப்பு சோயா வயல். புத்தாண்டுக்கு எல்லார் வீட்டிலும் இனிப்புப் போட்டு வேகவைப்பார்களே, அந்தப் பெரிய கறுப்புப் பயறு. எங்கள் பக்கத்து மண்ணில்தான் அது உருண்டு திரண்டு வரும். அது வீடு வந்து சேர்ந்தால்தான் அவர்களுக்கு அந்தக் குளிர்காலம்.

வயலைச் சுற்றித் தகரம் அடித்திருந்தாள். ரேடியோ வைத்துப் பார்த்தாள். நான் பழைய டயர் கொண்டுபோய்க் கொளுத்தினேன். பன்றி நாலு நாள் யோசித்தது, அப்புறம் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு மூலையைத் தின்றுவிட்டுப் போனது.

"ருசி கண்டுருச்சுடா. இனிக் குடும்பத்தோட வரும். ரெண்டு ராத்திரியில துடைச்சுட்டுத்தான் போகும்," என்றாள் அக்கா. அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

நல்லவேளையாக மறுநாள் சனிக்கிழமை. வேட்டைப் பருவத்துக்கு முன்னாலேயே சுட அனுமதி வாங்கி வைத்திருந்தோம், சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு. சனிக்கிழமையே அந்தத் தாய்ப்பன்றியை முடித்துவிட்டால் சோயா தப்பித்தது. நான் விடியும் முன்னாலேயே லாரியோடு அவள் வாசலில் நின்றேன்.

எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் முன்னால் போகிற வண்டியின் விளக்கே தெரியாது. அந்த மூட்டத்துக்குள் நபேதானி மலையைச் சுற்ற ஆரம்பித்தோம். சோயா வயலில் இன்னொரு மூலையும் காலி; அங்கிருந்து வாய்க்காலைத் தாண்டி மலைக்குள் தடம் போயிருந்தது. தாய், பின்னாலேயே குட்டிகள். அக்கா மண்டியிட்டுப் பார்த்தாள். குளம்பின் ஓரம் இன்னும் சரியாமல் நின்றது. "இப்பத்தான் போயிருக்கு. தின்ன களைப்புல நல்லாத் தூங்கும்," என்று எழுந்தாள். கிழக்குப் பக்க வரப்பு, குளக்கரை, வடக்கே கல்லறைப் பாதை, எங்கேயும் வெளியே வந்த தடம் இல்லை. ஒவ்வொரு இடமாகக் கழியக் கழிய அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கிழங்கைப் பிட்டு எனக்கும் பாதி கொடுத்தாள். அவள் தீனியைப் பிறருக்குக் கொடுத்தாள் என்றால் அன்றைக்கு நல்ல நாள்.

கடைசியாக மேற்கே மூங்கில் வழி. அந்தக் காலத்தில் அது யாரும் நடக்காத பாதை. மூங்கில் புல் இடுப்பளவு மண்டிக் கிடக்கும். அக்கா இறங்கி நாலடி போனவள் நின்றுவிட்டாள். மெல்லுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் திக்கென்றது.

"என்னக்கா, வெளிய வந்துருச்சா?"

"பன்னி வரல. பேசாம இரு."

பாதைக்குக் குறுக்கே சிலந்தி வலைகள் பனித்துளியோடு தொங்கின. முகத்துக்கு நேராக இருந்தது ஒன்றும் அறுபடவில்லை. இடுப்புக்குக் கீழே இருந்த ஒன்று மட்டும் அறுந்திருந்தது. ஓரத்துப் பெரணி இலைகளில் ஒரு கோடு மாதிரி பனித்துளி உதிர்ந்திருந்தது. அப்புறம் கீழே ஒரு கஷ்கொட்டை முள் உருண்டை, மிதிபட்டுப் பிளந்து, உள்ளே கொட்டை அப்படியே மினுமினுத்தது. அதை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதைப் பார்த்தா என்ன தோணுது?"

"பன்னி மிதிச்சிருக்கு."

"பன்னி கொட்டையை விட்டுட்டுப் போகுமா? ஜென்மத்துக்கும் விடாது. கொட்டை பொறுக்க வந்தவனும் விடமாட்டான். காலடியில கிடக்கறதைக்கூடப் பார்க்காமப் போயிருக்குன்னா, அந்த ஆளுக்கு மேல வேற வேலை இருந்திருக்கு. மேல் வலையை அறுக்காம குனிஞ்சு போயிருக்கு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு போயிருக்கு."

எனக்கு உடனே புரிந்தது. காளான். மேலே செம்பைன் மரங்கள். அவற்றினடியில் முளைக்கிற, தங்க விலை விற்கும் காளானுக்காக எங்கள் ஊரில் அண்ணன் தம்பி முகத்தில் முழிப்பதில்லை. இடம் தெரிந்தவர்கள் விடியும் முன்னால் ஏறி, தன் தடத்தைப் பைன் கொத்தால் பெருக்கிக்கொண்டே போவார்கள். சாகும்போதுதான் பெற்ற பிள்ளைக்குக் காதில் சொல்வார்கள். கட்டின புருஷனுக்கும் சொல்வதில்லை.

அக்கா இன்னும் இரண்டடி போய், வாய்க்கால் ஓரச் சேற்றில் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பூட்ஸ் காலால் அந்த இடத்தைத் தேய்த்து மழுங்கடித்துவிட்டு எழுந்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேய்ப்பதும் வாருவதும் அவள் வழக்கம்தானே.

நெல் உலர்த்தும் கொட்டகை முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஒகினோவின் நாய்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு துள்ளின. எங்கள் தலைவர் நுகட்டா கெம்பெய், மரம் அறுக்கும் மில் வைத்திருப்பவர், குட்டையான ஆள், பீரங்கிக் குரல், யார் எங்கே நிற்பது என்று பங்கு போட்டு முடித்திருந்தார்.

"மூங்கில் வழியில நான் நிக்கறேன். முழங்கால் வலிக்குது, வண்டி பக்கத்துல இருக்கணும். என்ன கினுயோ, நம்ம பன்னிப் பொண்ணு வீட்ல இருக்காளா?"

"பன்னி உள்ளதான் இருக்கு," என்றாள் அக்கா. "ஆனா இன்னைக்கு வேண்டாம். மலைக்குள்ள ஆள் இருக்கு."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"யாரு? காலையில ஒலிபெருக்கியில சொல்லியாச்சே, யாரும் மலைக்குப் போகாதீங்கன்னு!"

"அதுக்கு முன்னாடியே ஏறியிருக்கு. இன்னும் இறங்கல."

"தடம் இருக்கா?" என்றார் கெம்பெய்.

"இல்ல."

"தடம் இல்லாம எப்படிம்மா ஆளு? பறந்து போனானா?"

அக்கா கஷ்கொட்டை முள்ளை எடுத்துக் காட்டினாள். கெம்பெய் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு முள்ளுக் கொட்டை! இதுக்காக இத்தனை பேரு வேலை வெட்டியை விட்டுட்டு வந்து நிக்கறோம்! சரி, இருக்குன்னே வெச்சுக்குவோம். யாருன்னு சொல்லு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு இறக்கிவிட்டுட்டு வேட்டையைப் பார்க்கலாம். நீதான் குளம்பைப் பார்த்து ஜாதகமே சொல்லுவியே!"

"தெரியாது," என்றாள் அக்கா.

"சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பார்க்கலாமே," என்றான் ஒகினோ.

"காளானுக்குப் போன ஆளு சத்தம் கேட்டா வருமா, இன்னும் உள்ள பதுங்குமா? நீ பேசாம நாயைப் பிடி. பன்னி மட்டும்தான் எழுந்து ஓடும்."

கெம்பெய்க்கு முகம் சிவந்துவிட்டது. "கினுயோ, அது உன் வயலு. உன் சோயா. ஊரெல்லாம் உனக்காகத்தான் இங்க நிக்குது. இன்னைக்கு விட்டா நாளைக்கு அங்க தண்டுகூட இருக்காது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம்?"

"வேண்டாம்னா வேண்டாம், தலைவரே."

சட்டம் சட்டம்தான். கெம்பெய் தோட்டாப் பையைக் கழற்றி லாரியில் விட்டெறிந்தார். ஆனால் வாயைக் கழற்றி எறியவில்லை. பொம்பளை பேச்சைக் கேட்டால் இப்படித்தான், வயசானால் கண்ணில் பூச்சி பறக்கும், அடுத்த தடவையிலிருந்து தடம் பார்க்க வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன், என்று சாலை திரும்பும்வரை கத்திக்கொண்டே போனார். அந்தப் 'பொம்பளை' சொல்லி எத்தனை பன்றியை அவர் சுட்டிருக்கிறார் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடா. என்னை மூங்கில் வழிக்குக் கூட்டிட்டுப் போ."

"எதுக்கு?"

"அந்த ஆள் நல்லபடியா இறங்கறதைப் பார்க்கணும்."

வேட்டைக்காரர்கள் கலைந்துபோன மலையின் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் லாரிக்குள் உட்கார்ந்திருந்தோம். பனி விலகி வெயில் வந்துவிட்டது. நான் புகைத்தேன், திட்டினேன், மறுபடி புகைத்தேன். சோயாவை நினைத்து எனக்கு வந்த எரிச்சலில் பாதிகூட அவளிடம் இல்லையே என்று அதற்கும் ஒரு எரிச்சல். மத்தியானம் ஆகப்போகும்போது மூங்கில் புல் அசைந்தது. அடியோடு, தாழ்வாக, சரசரவென்று இறங்கி வந்தது. பன்றியே வெளியே வருகிறது என்று நான் கதவைத் திறந்துவிட்டேன். புல்லுக்குள்ளிருந்து முதலில் ஒரு துணி முண்டாசு தெரிந்தது, பிறகு பெரணி இலை போட்டு மூடிய கூடை, பிறகு கைகால் ஊன்றித் தவழ்ந்து வந்துகொண்டிருந்த ஒரு முகம்.

சாயோ. கெம்பெய்யின் மனைவி.

எங்களைப் பார்த்ததும் அப்படியே உறைந்துபோனாள். நாலு காலில் நின்றபடியே, "கினு," என்றாள்.

"எந்திரிடி. முழங்கால்ல கல் குத்தப்போகுது," என்றாள் அக்கா.

"நீ என்னைப் பார்க்கல."

"நான் பார்க்கல. இந்த அஷிடாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது, பாவம்."

எனக்கு எதுவும் தெரியவில்லை என்று நான் வானத்தைப் பார்த்தேன். சாயோ எழுந்து உடம்பெல்லாம் தட்டிக்கொண்டாள். இடது காலைச் சாய்த்து வைத்து நின்றாள். முன்னொரு பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் கோணலாகச் சேர்ந்துபோன கால் அது.

"ஒலிபெருக்கி கேட்டுச்சு. வேட்டைன்னாங்க. ரோட்டுப் பக்கமா கூடையோட இறங்கினா மானம் போயிரும், இடமும் போயிரும். இந்தப் பக்கம் யாரும் நிக்கமாட்டாங்கன்னு ஊர்ந்தே வந்தேன். ஒரு வெடிச் சத்தமும் கேக்கலையே, ஏன்?"

"பன்னி இல்ல. அதான் கலைஞ்சு போயிட்டாங்க," என்று அக்கா கூசாமல் பொய் சொன்னாள்.

சாயோ கூடையிலிருந்து நல்லதாகப் பார்த்து ஒரு காளானை எடுத்து நீட்டினாள். பொத்துக்கொண்டு வந்தது வாசனை. அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அதைக் கொண்டுபோய் அடுப்புல வெச்சா தெருவே மோப்பம் பிடிச்சு எங்க கிடைச்சுதுன்னு கேக்கும். நீ போ. ரயில் ஸ்டேஷன் பக்கமாச் சுத்திக்கிட்டுப் போ."

சாயோ போனபிறகு நான் வெடித்துவிட்டேன்.

"அந்தச் சேத்துல பார்த்தப்பவே உனக்குத் தெரியும்!"

"இடது காலு. வெளிப்பக்கம் மட்டும் அழுந்தி இருந்துச்சு. பெருக்கறப்ப அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டா."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே! 'உம் பொண்டாட்டி உள்ள இருக்கா'ன்னு ஒரு வார்த்தை! கெம்பெய்யே போய் இழுத்துட்டு வந்திருப்பாரு. வெயில் ஏறறதுக்குள்ள வேட்டையும் முடிஞ்சிருக்கும். உன் சோயா தப்பிச்சிருக்கும். உன்னை அவ்வளவு பேச்சு பேசினாரே அந்த ஆளு!"

"சொன்னா நாளைக்குக் காலையில கெம்பெய் அந்த மலையைச் சல்லடை போட்டுச் சலிச்சுருவாரு. அவரு குணம் உனக்குத் தெரியாதா?" அக்கா கஷ்கொட்டை ஒன்றை எடுத்தாள், கடிக்காமல் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அந்த வீட்ல மில்லு அவருது, நிலம் அவருது, கட்டியிருக்கற துணிகூட மாமியார் எடுத்துக் குடுத்தது. அந்த இடம் மட்டும்தான்டா சாயோவோடது. அவ அம்மா குடுத்தது. நான் எப்படிடா எடுத்து இன்னொருத்தர் கையில குடுக்கறது?"

"அப்ப உன் வயலு?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அன்று இருட்டியதிலிருந்து நானும் அவளும் தகரத்தைத் தட்டினோம், நெருப்புப் போட்டோம். நடுவில் ஒரு மழை பிடித்தது. நாங்கள் இந்தப் பக்கம் தட்டத் தட்ட, தாய்ப்பன்றி அந்தப் பக்கம் வாய்க்கால் வழியாகத் தகரத்தின் அடியில் மண்ணைத் தோண்டி நுழைந்துவிட்டது. விடிந்து பார்த்தபோது உழவு மெஷின் ஓட்டிய மாதிரி கிடந்தது வயல். செடிகள் சேற்றுக்குள் மிதிபட்டுக் கிடந்தன. அங்கங்கே சப்பித் துப்பின காய்.

செய்தி பரவி ஆண்களும் பெண்களும் வந்துவிட்டார்கள். வேட்டைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அனுமதியோடு துப்பாக்கியும் கையுமாக வந்தார்கள். அக்கா எல்லாருக்கும் முன்னால் எழுந்து தனியாக மலையைச் சுற்றி வந்து, இப்போது சேற்றில் உட்கார்ந்து, தப்பின காய்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்க்கவே எனக்குத் தாங்கவில்லை.

கெம்பெய் வரப்பின் மேல் நின்றார்.

"என்னம்மா கினுயோ, உன் ஆளு இறங்கினானா? இல்ல, முள்ளுக் கொட்டையைத் தின்னுட்டு அங்கயே குடும்பம் நடத்தறானா? நான் சொன்னேன், கேட்டியா? இல்லாத ஆளைக் காப்பாத்தப் போய் இருக்கற வயலைத் தொலைச்சியே!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா காயைப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். சத்தியம் மட்டும் பண்ணாமல் இருந்திருந்தால் அந்த வரப்பிலேயே அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன்.

"இனிமே தடம் பார்க்க நான் வேற ஆள்..." என்று கெம்பெய் ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க."

சாயோ. உதவிக்கு வந்தவர்களுக்குச் சோற்று உருண்டை கொண்டுவந்தவள், தட்டை வரப்பில் வைத்துவிட்டு நின்றாள். வயலையும், அக்கா உட்கார்ந்திருந்ததையும் பார்த்தாள். பன்றி இல்லை என்று அவளிடம் சொல்லப்பட்டது எப்பேர்ப்பட்ட பொய் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது.

"நேத்து மலைக்குள்ள இருந்தது நான்தான்."

கெம்பெய் புரியாமல் பார்த்தார். "நீ தங்கச்சி வீட்டுக்குல்ல போனே?"

"வருஷா வருஷம் அப்படித்தான் சொல்லிட்டு மலைக்குப் போறேன். காளான் எடுக்க. எங்க அம்மா இடம்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கெம்பெய்க்குக் கோபம் வரும் என்றுதான் நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். ஆனால் அந்தப் பீரங்கிக் குரல் எங்கேயோ போய்விட்டது.

"எந்தப் பக்கமா இறங்கினே?"

"மூங்கில் வழியா. யாரும் பார்த்துடக் கூடாதேன்னு புல்லுக்குள்ளயே, கையும் காலும் ஊனி ஊர்ந்து வந்தேன்."

அந்த வயலில் நின்ற வேட்டைக்காரர்களில் ஒருவர்கூட அசையவில்லை. மூங்கில் வழியில் நேற்று நிற்க வேண்டியவர் யார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். இடுப்பளவு புல்லுக்குள் தாழ்வாக எதுவோ சரசரத்து வந்தால், உள்ளே பன்றி இருக்கிறது என்று தெரிந்தபின் கெம்பெய் காத்திருக்கிற ஆள் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் தன் வலது கையை ஒருதடவை பார்த்துக்கொண்டார்.

அப்புறம் தொப்பியைக் கழற்றினார். வரப்பிலிருந்து இறங்கி, வலிக்கிற முழங்காலோடு சேற்றில் மண்டியிட்டு, அக்கா முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்தார். தோள் குலுங்கியது. அந்த மனுஷன் அழுது அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

அக்காவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. "ஐயே, எந்திரிங்க தலைவரே! எனக்கு எதுக்குக் குனியறீங்க, பொண்டாட்டிக்குக் குனியுங்க. டேய் அஷிடா, என்னடா வேடிக்கை, தூக்கிவிடு. அந்தக் காலோட அவரா எந்திரிக்க மாட்டாரு."

நானும் ஒகினோவும் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினோம். நெற்றியெல்லாம் சேறு. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

"இன்னைக்கு..." என்று இழுத்தார். "இன்னைக்கு மலை எப்படி இருக்கு?"

அக்கா கையை வேலைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பன்னி உள்ள இருக்கு, குட்டிங்களோட. நல்லாத் தின்னுட்டுத் தூங்குது. ஆளு யாரும் இல்ல. சாயோ இங்கதான் நிக்கறா."

நாங்கள் நாயை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். கெம்பெய் மட்டும் வரவில்லை. துப்பாக்கியை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாயோவின் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து, மிதிபட்ட செடிகளிலிருந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.